சாப்பாட்டு நேரத்துச் சிரிப்பு

பதிமூன்று வாரம் ஓடியது அந்த டிவித் தொடர். அதில் வந்த ஏலக்காட்டுப் பெண் பதிமூன்று வாரத்தில் ஒரு காய்கூட எடுக்கவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், மரத்துக்குப் பின்னால் ஒளிந்தாள், மேனேஜர் மகன் வந்தால் தாவணி முனையைக் கடித்தாள். அப்பன் குடிகாரன். ஆத்தா செத்துப்போயிருந்தாள். அவளுக்குப் புத்தியும் கொஞ்சம் கம்மி. வாயைத் திறந்தால் எங்கள் மலையில் எந்த ஊர்க்காரரும் பேசாத ஒரு தமிழ், வார்த்தைக்கு வார்த்தை 'சாமி' போட்டு. இதை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது. வயசானால் கோபம் ஆறும் என்றார்கள். ஆறவில்லை.

எண்பதுகளின் பிற்பாதி அது. எங்களுக்குப் போடிக்குப் பக்கத்துச் சிலமலை. அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அம்மா ஏலக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கிழக்கு வெளுக்கும் முன்பு பஸ் நிறுத்தத்தில் ஜீப்பு வந்து நிற்கும். அதில் பதினெட்டுப் பேர் ஏறுவார்கள். போடி தாண்டி, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறி போடிமெட்டுக்குப் போய், அங்கிருந்து காட்டுப் பாதை. டிவியில் தொடர் எழுதியவருக்கு ஏலக்காய் எங்கே காய்க்கிறது என்பதே தெரியாது. அது மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் காய்க்கிறது. அதை எடுக்க நாள் முழுக்கக் குத்தவைத்தே நகர வேண்டும். கீழே ஈரம், மேலே மழை, காலில் அட்டைப்பூச்சி. பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். அம்மா போட்டிருந்தது அப்பாவின் காக்கிச் சட்டை.

அந்தப் பதினெட்டுப் பேருக்கும் அம்மாதான் கங்காணி மாதிரி. ஜீப்பில் யார் எங்கே உட்கார வேண்டும், காட்டில் யார் எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். வயசுப் பிள்ளையைக் கடைசி வரிசையில் தனியாக விடமாட்டாள். காய் காயப்போடும் ஸ்டோருக்கு ஒருத்தியை மட்டும் அனுப்பமாட்டாள், ரெண்டு பேராகத்தான் போக வேண்டும். மலையில் தப்பே நடக்காது என்று நான் சொல்லவரவில்லை. நடந்தது. அது நடக்காமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் பெண்களுடைய வேலையில் பாதியாக இருந்தது. தொடர் எழுதியவர் அந்தத் தப்பை எடுத்து அதற்குக் காதல் என்று பெயர் வைத்து, அதில் எங்களைச் சிரிக்கவும் வைத்தார். என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போனேன். மலையிலிருந்து லோடு லோடாக வரும் காயைச் சுளகில் பரப்பிப் பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிக்கிற வேலை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். கடைக்குப் பின்னாலேயே முதலாளி வீடு. கொடைக்கானலில் டவர் வந்ததும் போடியில் முதலில் டிவி வாங்கிய சில வீடுகளில் அதுவும் ஒன்று. முதலாளியம்மா நல்ல மனுஷி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் தொடர் பார்த்துவிட்டுப் போங்கள் என்று எங்களைக் கூடத்துக்குள் விடுவார். அவர்கள் வீட்டு ஆட்கள் சோபாவில், நாங்கள் சிமெண்டுத் தரையில்.

அப்போது வந்த தொடர்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வீட்டில் நடந்தன. மெட்ராஸில் ஒரு வீடு. அப்பா பேப்பர் படிப்பார், அம்மா காபி கொண்டுவருவாள், மகன் வேலை தேடுவான். அவர்கள் பேசுவது ஒரு தமிழ். அந்த வீட்டு வேலைக்காரி மட்டும் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சுப் பேசுவாள். 'வெரசா' என்பாள், 'சோலி' என்பாள், சோபாவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் பேச்சு அந்த வீட்டுக்குள் விளக்குமாற்றோடுதான் நுழைந்தது. அந்தப் பேச்சையே அன்றாடம் பேசிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த நாங்களும் சிரித்தோம். அப்போது அது உறைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எங்களோடு காய் பொறுக்கியவர்களில் மலையாளத்துக்கார அக்கா ஒருவர் இருந்தார். குமுளிப் பக்கம் பிறந்து போடியில் வாழ்க்கைப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எல்லாருக்கும் அவர் சேச்சி. ஏலக்காட்டுத் தொடருக்கு முன்பு வந்த ஒரு தொடரில் மலையாளி டீக்கடைக்காரன் ஒருவன் வந்தான். டீயில் எதையோ கலப்பான், குளிக்கிற பெண்களை எட்டிப் பார்ப்பான், மாட்டிக்கொண்டால் 'எந்தா, எந்தா' என்று முழிப்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் கடையில் சுளகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவனைப் போலவே நடித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேச்சி சிரிக்கவில்லை. தன் சுளகை எடுத்துக்கொண்டு கதவோரம் போய் உட்கார்ந்தார். அவருடைய அப்பா எல்லையில் டீக்கடை வைத்திருந்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் நடித்தேன். அடுத்த செவ்வாய் சேச்சி டிவி பார்க்க வரவில்லை. அதற்கும் அடுத்த வாரமும் வரவில்லை. அவருக்கு வீட்டில் சோலி இருக்கும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பிறகுதான் ஏலக்காட்டுத் தொடர் ஆரம்பித்தது. நம்ம மலையைக் காட்டப்போகிறார்கள் என்று ஊரே ஆவலாக இருந்தது. மூன்றாவது வாரத்திலேயே அதன் பலன் தெரிந்துவிட்டது. போடி பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகிற பெண்களைப் பார்த்து விடலைப் பயல்கள் 'சாமி, சாமி' என்று இழுத்தார்கள். காலையில் ஜீப்பு கடந்துபோகும்போது டீக்கடை பெஞ்சில் இருந்து யாராவது ஒருத்தன், இன்னைக்கு மேனேஜர் மகன் வருவானா என்று கேட்பான். கேட்டவனின் சொந்தச் சித்தியே அந்த ஜீப்பில் இருந்திருப்பாள்.

அம்மாவின் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாரும் அவளைச் சின்னவள் என்போம். அவள் புருஷன் தோட்ட வேலைக்குப் போகிறவன், அதுவரை பாங்காகத்தான் இருந்தான். சிலமலையில் பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்து அவனும் அந்தத் தொடரைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னார்களோ, ஒரு செவ்வாய் வீட்டுக்குப் போய் அவளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான். அங்கே மேனேஜர் யார், அவனுக்கு மகன் இருக்கிறானா, காட்டில் எத்தனை ஆம்பளைகள். மறுநாள் காலையில் அவள் கன்னம் வீங்கி ஜீப்புக்கு வந்தாள். அம்மா நேராக அவன் வேலை செய்யும் தோட்டத்துக்கே போனாள். அவன் சண்டை போடவில்லையாம், தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னானாம்.

"டிவில பொய்யா காட்டுவாக, மதினி?"

அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவளுக்கு அவன்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருபது வருஷமாக மலைக்குப் போகிற தன் வாய்ப்பேச்சைவிட நேற்று வந்த ஒரு பெட்டியின் பேச்சு எடுபடுகிறதே என்று அவள் திகைத்துப்போயிருந்தாள். எனக்குத்தான் அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

தொடர் பாதி ஓடிய நிலையில், கடைசி வாரங்களுக்கு நிஜமான மலையிலேயே படம் பிடிக்கப்போகிறோம் என்று அந்தக் குழு போடிக்கே வந்து இறங்கியது. எங்கள் முதலாளிக்குக் குரங்கணிக்கு மேலே காப்பியும் ஏலமும் கலந்த ஒரு காடு இருந்தது. அதைக் கேட்டு வந்தார்கள். கூடவே நிஜமாகக் காய் எடுக்கிற பெண்கள் கொஞ்சம் பேர் வேண்டும் என்றார்கள். முதலாளி என் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா உடனே ஒத்துக்கொண்டாள். இதுவரை தெரியாமல் எடுத்திருக்கிறார்கள், நேரில் பார்த்தால் திருத்திக்கொள்வார்கள் என்பது அவள் கணக்கு. சின்னவளையும் கட்டாயம் வரச் சொன்னாள். அவள் குனிந்து காய் எடுப்பதை அவள் புருஷனே டிவியில் பார்க்கட்டும் என்றாள். நானும் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு அவர்களோடு ஜீப்பில் ஏறினேன்.

ஏலக்காட்டுக்குள் போய் நின்றதும் கையில் தாளும் பேனாவுமாக ஒரு ஆள் வந்தார். டைரக்டருக்கு அடுத்தவர் என்றார்கள். எங்களை மேலும் கீழும் பார்த்தார். இந்தச் சட்டையெல்லாம் கழற்ற வேண்டும், தலைத்துண்டு கூடாது, பிளாஸ்டிக் தாள் கூடாது என்றார். அம்மா ஏன் என்று கேட்டாள்.

"இப்படி ஆம்பளைச் சட்டை போட்டு நின்னா, எஸ்டேட் பொம்பளைங்கன்னு பார்க்கிறவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தாள். எங்களில் யாரோ சிரித்தார்கள் என்று நினைக்கிறேன், அது சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது பட்டது.

"அப்பு, நாங்கதான எஸ்டேட்டுக்குப் போற பொம்பளைங்க" என்றாள் அம்மா. "எங்களைப் பாத்துத்தான தெரிஞ்சுக்கிறணும்."

அதெல்லாம் சரி, ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்று அவர் சொன்னார். ஒரு பெட்டியைத் திறந்து பூப்போட்ட ரவிக்கைகளை எடுத்தார். மூக்குத்தி இல்லாதவர்களுக்கு ஒட்டுகிற மூக்குத்தி. என் கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றச் சொன்னார், முகம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று கன்னத்தில் கரி தடவினார். எங்கள் தலையைக் கலைத்துவிட ஒரு பெண்ணே சம்பளத்துக்கு வந்திருந்தாள். பத்து வயசில் இருந்து எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. முதலாளி வேறு அங்கே நின்றுகொண்டிருந்தார், செய்யுங்கள் ஆத்தா, அரை நாள்தானே என்றார். அம்மா அப்பாவின் சட்டையைக் கழற்றி மடித்து ஒரு கல்லின்மேல் வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிற இடங்களில் அது ஒன்று.

அந்த நடிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயசுகூட இருக்காது, ஒல்லிப் பிள்ளை. தொடரில் புத்தி கெட்டவளாக வருகிறவள் நேரில் ரொம்பப் பக்குவமாகப் பேசினாள். தாவணியும் வெறுங்காலுமாக ஈரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். காலில் அட்டை ஏறியதைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, மடியில் இருந்த புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த துணியால் அதைத் தட்டிவிட்டாள். பிறகு காய் எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளை ஆசையாகக் கற்றுக்கொண்டது. நீ ஏம்மா அப்படிப் பேசுற, நாங்க யாரும் அப்படிப் பேசுறதில்லையே என்று அம்மா கேட்டதற்கு, எழுதிக்கொடுப்பதைத்தான் பேசுகிறேன் அக்கா, நான் கேட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள் என்றது. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் அவள் கற்றுக்கொண்டதைப் படம் பிடிக்கவில்லை. குனிந்தால் முகம் தெரியவில்லையாம்.

எடுக்க வேண்டிய காட்சி வேறு. மேனேஜர் மகன் வருவான், அவள் கையைப் பிடித்து இழுப்பான், அவள் கூடையைப் போட்டுவிட்டுத் திமிறுவாள், சுற்றி நிற்கும் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். டைரக்டரே வந்து விளக்கினார். மரியாதையாகத்தான் பேசினார். முதல் தடவை எடுத்தார்கள். மேனேஜர் மகனாக வந்தவர் கையைப் பிடித்தார், நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவையும் சிரிக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, சிரிப்பு வரவில்லை. டைரக்டர் பொறுமையிழந்து, என்னம்மா பிரச்சினை என்று கேட்டார். அம்மா முன்னால் வந்தாள்.

"எங்க காட்டுல ஒருத்தன் ஒரு பிள்ள கையப் பிடிச்சு இழுத்தா நாங்க சிரிக்க மாட்டோம்ய்யா. அவன் கீழ இறங்க மாட்டான்."

இது கதைதானேம்மா என்று அவர் சொன்னார். கதையில் மட்டும் எங்களுக்கு ஏன் புத்தி கெட்டுப்போகிறது என்று நான் கேட்டேன். அன்றைக்கு நானாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். படித்த பிள்ளையா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் உனக்குப் புரிய வேண்டுமே என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். சரி, சிரிக்காமலே நில்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் காட்சியை எடுத்து முடித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்தோம்.

மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தோம். அந்தத் தாளும் பேனாவும் வைத்திருந்த ஆள் எங்களைத் தாண்டிப் போகும்போது திடீரென்று துள்ளினார். பேண்டுக்குள் அட்டை ஏறிவிட்டது. ஒற்றைக் காலில் குதித்தார், பேண்டைச் சுருட்டினார், வழுக்கி உட்கார்ந்தார். காலையில் இருந்து எங்களை ஆட்டிவைத்தவர் அல்லவா, அடக்க முடியவில்லை. சின்னவள் வாயில் இருந்த சோறு சிதறச் சிரித்தாள். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் அவளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கேமராக்காரர் கொஞ்ச தூரத்தில் நின்றதைப் பார்த்தோம். அவரும் சாப்பிடத்தான் வருகிறார் என்று நினைத்தோம்.

அந்தக் காட்சி வருகிற வாரம் முதலாளியம்மா பதினெட்டுப் பேரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கூடம் கொள்ளவில்லை. சேச்சியும் வந்திருந்தார், எங்களுக்காக என்றார். மலையைக் காட்டினார்கள். மேகம் இறங்குவதைக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. பிறகு அவன் வந்து அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் திமிறினாள், கூடை விழுந்தது. அடுத்த நொடி நாங்கள். சாப்பாட்டு நேரத்தில் அட்டைக்குச் சிரித்த அதே சிரிப்பு. சின்னவளின் வாயெல்லாம் பல். அம்மா என் தோளில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மறுபடியும் அவன் இழுக்கிறான், மறுபடியும் நாங்கள் சிரிக்கிறோம். அதற்குமேல் ஒரு பாட்டு வேறு.

பிறகு சோபாவில் இருந்து முதலாளியம்மா சந்தோஷமாகச் சொன்னார், பரவாயில்லையே, எல்லாரும் நல்லா நடிச்சிருக்கீங்களே என்று. அவர் மனசில் கள்ளம் இல்லை. அதுதான் அதில் மோசம். எங்களை வருஷக்கணக்காகத் தெரிந்த மனுஷிக்கே, நாங்கள் அதற்குச் சிரித்திருப்போம் என்பதில் சந்தேகம் வரவில்லை.

அம்மா எழுந்தாள்.

"நாங்க இதுக்குச் சிரிக்கலம்மா" என்றாள். "சோறு திங்கையில சிரிச்சத வெட்டி ஒட்டிப்புட்டாக."

வெட்டி ஒட்டுவது என்றால் என்ன என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எப்படிச் செய்வார்கள் என்று முதலாளியின் மருமகன் வியப்பாக விசாரிக்க ஆரம்பித்தான். அம்மா வாசலுக்குப் போனாள், மற்றவர்களும் போனார்கள். சேச்சி என் பக்கத்தில் வந்து நின்று என் முழங்கையைப் பிடித்துத் தெரு வரைக்கும் கூட்டிவந்தார். நான் அவருக்குச் செய்ததற்கு அவர் அன்றைக்கு மனசுக்குள் குளிர்ந்திருக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. அவர் கை சூடாக இருந்தது.

மறுநாள் கடையில் அவர் சுளகுக்கு எதிரே என் சுளகைப் போட்டேன். டீக்கடைக்காரனை நடித்தது தப்பு என்று சொன்னேன். சேச்சி காயைப் பார்த்துக்கொண்டே, "நீ அன்னிக்கி நல்லா அபிநயிச்சு மோளே" என்றார். "அதாண்டி எனிக்கி சங்கடம்." மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிலமலையில் அதே செவ்வாய் பஞ்சாயத்து டிவி முன்னால் சின்னவளின் புருஷன் அவள் பல்லைப் பார்த்துவிட்டான். மறுநாள் அவள் ஜீப்புக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அம்மா போய்க் கேட்டதற்கு, அவள் வெளியே வரமாட்டாள் என்று அவன் ஆத்தா கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவள் பின்னால் அம்மாவிடம் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அவனை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அவன் கையில் அந்தச் சாட்சியைக் கொடுத்தவர்கள் மெட்ராஸில் ஒரு அறையில் உட்கார்ந்து, இந்தச் சிரிப்பு இங்கே பொருந்துகிறது பாருங்கள் என்று பேசியிருப்பார்களே, அவர்களையும் மன்னிக்க முடியாது. அவர்களுக்கு அது அரை நிமிஷம்.

நான் டிவி நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். முதலில் நோட்டில் எழுதிப் பார்த்து, பிறகு வெள்ளைத் தாளில் அழகாக எழுதினேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி மரியாதையாக ஆரம்பித்தேன். எங்கள் மலையை அழகாகப் படம் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். நேயர்களின் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்கிற நிகழ்ச்சி ஒன்று அப்போது வாரம் தவறாமல் வந்தது. மூன்று வாரம் காத்திருந்தேன். மூன்றாவது வாரம் அந்த நிகழ்ச்சியில் ஒருவர் புன்சிரிப்போடு, போடியிலிருந்து ஒரு நேயர், எங்கள் மலையை அழகாகப் படம் பிடித்திருக்கிறீர்கள் என்று பாராட்டியிருக்கிறார், நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தார். 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்னாலேயே என் கடிதத்தையும் வெட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கையில் இருந்த தம்ளரைச் சுவரில் எறிந்தேன். அதைவிடக் கொடுமை மறுநாள் நடந்தது. யாரோ சொல்லி அம்மா காதுக்கும் இது போயிருந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நீ அவுகளப் பாராட்டியா எழுதுன?"

என் அம்மா என்னைச் சந்தேகப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நோட்டை எடுத்துவந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். பிறகு, நாளைக்கு ஜீப்புக்கு இதைக் கொண்டா என்றாள்.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தின் கீழே நின்று அதை வாசித்தேன். பதினேழு பேர் கேட்டார்கள். ஜீப்பு டிரைவர் என்ஜினை அணைத்தார். எதிர் டீக்கடையில் இருந்த ஆம்பளைகளில் சிலரும் கிளாசோடு எழுந்து வந்தார்கள், வழக்கமாகக் கேலி பேசுகிறவர்களும் அதில் இருந்தார்கள். பூப்போட்ட ரவிக்கை, கரி, சிரிக்காமல் நின்றது, மத்தியானச் சாப்பாடு, அட்டை, எல்லாவற்றையும் வாசித்தேன். முடித்ததும் அம்மா, நாளைக்கும் வாசி என்றாள். மறுநாளும் வாசித்தேன். அதைக் கேட்கவென்றே சிலர் வெள்ளனே எழுந்து வந்திருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துச் சின்னவள் வந்தாள். வீட்டில் அவள் சம்பாத்தியம் இல்லாமல் முடியாது என்பதால்தான் விட்டார்கள், புத்தி வந்து அல்ல. புருஷன் கூடவே வந்து நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் மெலிந்திருந்தாள். ஜீப்பில் ஏறாமல் என்னிடம் நேராக வந்து, அந்தக் காயிதத்தை வாசிப்பியாமே என்று கேட்டாள். எடுத்து வாசித்தேன். மத்தியானச் சாப்பாட்டுப் பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த எடத்த இன்னொருக்கா வாசி. சத்தமா."

வாசித்தேன். அவன் நின்ற இடத்தில் இருந்து அசையவில்லை. முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள், அம்மா தன் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தாள், ஜீப்பு போனது.

அவன் திருந்தினான் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு அவன் அடித்ததாக அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். மூன்று வருஷம், ஒருநாள் விடாமல், காலையில் ஜீப்பு நிறுத்தத்துக்கு வந்து அவள் எந்தச் சீட்டில், யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போனான்.